கால் சுற்று போதும்

எங்கள் வாஷ்பேசின் குழாய் மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷரை இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. போர் தண்ணீரின் உப்பு, வாஷர் உட்காரும் இடத்தையே அரித்திருந்தது. பிளம்பர் “நாளைக்கு வர்றேன் சார்” என்றே சொல்லிவந்தார். ஒரு குழாய்க்காக அவ்வளவு தூரம் வந்துபோவது அவருக்குக் கட்டாது என்பதும் புரிந்தது.

அம்மா எதுவும் சொல்லவில்லை. இரவு குழாயடியில் ஒரு சொம்பை வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் அது நிறைந்து வழியும். எடுத்துப்போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார்.

ஒருநாள் அளந்து பார்த்தேன். லிட்டர் பாட்டில் நான்கு மணி நேரத்தில் நிறைந்தது. நாளுக்கு 6 லிட்டர், மாதத்துக்கு 180 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 12 குடம்.

குடக் கணக்கு சென்னைக்காரர்களை உடனே தொடும். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அந்த நாட்களில் அம்மா லாரி வரிசையில் நின்று, குடம் குடமாக இரண்டு மாடி ஏற்றினார். அந்தச் சொம்பை ஏன் வைக்கிறார் என்று அளந்து பார்த்த பிறகுதான் உறைத்தது. இனி நாளைக்காகக் காத்திருக்க மனம் வரவில்லை.

பேசின் மேல் நிற்கும் பித்தளை பில்லர் காக், சுவர்ப்பக்கம் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் காக், ஒன்றரை அடி கனெக்‌ஷன் பைப், டெஃப்லான் டேப் வாங்கிவந்தேன். பழைய ஆங்கிள் காக் முழுதாக மூடவில்லை. பல வருடம் தொடாமல் விட்டதன் பலன். மாடியில் தொட்டியின் கேட் வால்வை அடைத்து, மிச்சத் தண்ணீரை வடித்தேன். துருவேறிய நட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகே அது அசைந்தது.

பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். அம்மா டார்ச் பிடித்தார். தினமும் முகம் கழுவும் இடத்தின் அடிப்பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆங்கிள் காக்கின் மரையில் டேப்பை வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால், சுவரில் திருகும்போது பிரிந்து வந்துவிடும். கனெக்‌ஷன் பைப்புக்கு டேப் வேண்டாம்; அதனுள் ரப்பர் வாஷர் இருக்கிறது. கையால் முடிந்தவரை திருகி, ஸ்பானரால் கால் சுற்று கொடுத்தால் போதும். பயத்தில் நான் மேலும் முறுக்கப்போனேன்.

“போதும்ப்பா. இறுக்குனா நிக்காது, உட்கார்ந்தா நிக்கும்” என்றார் அம்மா.

கையை எடுத்துவிட்டேன். அளவுக்கு மீறினால் ரப்பர் நசுங்கும், பீங்கான் விரிசல் விடும். ஒரு பொருளைக் காப்பாற்றுவதில் பாதி, எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிவதுதான். அது அம்மாவின் கைக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

வால்வைத் திறந்து, மூட்டுகளுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து அரைமணி நேரம் காத்திருந்தோம். ஒரு சொட்டு ஈரமில்லை.

பழக்கத்தில் அன்றிரவும் அம்மா சொம்பை வைத்திருந்தார். காலையில் அது காய்ந்து கிடந்தது. எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு புதுக் குழாயைத் திறந்து, பாதிச் சொம்பு பிடித்து, அழுத்தாமல் மூடிவிட்டு, கறிவேப்பிலைச் செடியை நோக்கி நடந்தார்.