சுண்டுவிரல்

மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவை அண்ணன்மார் வகுப்பு வகுப்பாக வந்தபோது, என் நண்பர்கள் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். "இவன் கிட்டார் வாசிப்பான்ணே, அதைப் பத்தி எழுதட்டும்" என்று. வாசிப்பான் என்பது பொய். பழகுகிறான் என்பதே உண்மை. அதுவும் நாலு பேர் முன்னால் மூக்கு உடைபட்ட பிறகுதான் ஒழுங்காகப் பழக ஆரம்பித்தேன். அந்தக் கதையை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் ஆண்டு இயந்திரவியல். தமிழில் கட்டுரை எழுதி இரண்டு வருஷமாகிறது.

விடுதியில் எனக்கு மூத்த அண்ணன் ஒருவர் படிப்பு முடிந்து போகும்போது, மேல் பலகையில் கீறல் விழுந்த பழைய கிட்டாரை என்னிடம் விட்டுப் போனார். இளையராஜாவும் 1976-இல் 'அன்னக்கிளி'க்கு முன்னால் கிட்டார் வாசித்தவர்தானே என்று அறை நண்பன் ஏற்றிவிட்டான். செல்போனில் பார்த்து 'சி மேஜர்' ஸ்கேலைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றால் மனப்பாடம் செய்தேன். ஐந்தாம் கம்பியில் தொடங்கி இரண்டாம் கம்பி வரை, எந்த ஃபிரெட்டில் அழுத்த வேண்டும் என்பதை எண்ணாகவே வைத்துக்கொண்டேன்: 3, 0, 2, 3, 0, 2, 0, 1. தொலைபேசி எண் மாதிரி இருந்தது. பூஜ்ஜியம் என்றால் அழுத்தாமல் கம்பியைச் சும்மா தட்டுவது. இடது கை விரல்களுக்கும் எண் உண்டு. ஆள்காட்டி 1, நடுவிரல் 2, மோதிரவிரல் 3, சுண்டுவிரல் 4. கட்டைவிரலுக்கு எண் கிடையாது, தண்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. என்னுடைய எட்டு எண்களுக்கு மூன்று விரல் போதும். சுண்டுவிரல் வேலையில்லாமல் மேலே நின்றுகொண்டிருந்தது.

கல்லூரி விழாவுக்கு ஒத்திகை. பாட வந்த முதலாண்டு மாணவி, "ஒரு கட்டை எனக்கு ரொம்பக் கீழே இருக்கு அண்ணா, ரெண்டு கட்டையில வைங்க" என்றாள். ஒரு கட்டை என்பது 'சி', இரண்டு கட்டை என்பது 'டி'. கிட்டாரில் இரண்டு ஃபிரெட் தள்ள வேண்டும், அவ்வளவுதானே? என் எண்களோடு இரண்டைக் கூட்டினேன். 3 ஐந்தாயிற்று, 2 நாலாயிற்று, 1 மூன்றாயிற்று. பூஜ்ஜியத்தை மட்டும் பூஜ்ஜியமாகவே விட்டுவிட்டேன். சும்மா இருக்கிற கம்பியை எப்படித் தள்ளுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விளைவு என்ன தெரியுமா? ஒரே ஒலி இரண்டு இரண்டு தடவை வந்தது. ஐந்தாம் கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டும், சும்மா விட்ட நாலாம் கம்பியும் ஒரே சுரம். நாலாம் கம்பியின் ஐந்தும், சும்மா விட்ட மூன்றாம் கம்பியும் அப்படித்தான். மூன்றாம் கம்பியின் நாலும், சும்மா விட்ட இரண்டாம் கம்பியும் அப்படியே. திக்குவாய்க்காரன் சரளி வரிசை சொன்ன மாதிரி இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஊர்க் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் சிவில் பிரிவு அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார். ஒத்திகை முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீ வாசிச்சதுல 'சா' எங்கடா இருக்கு? தொட்டுக் காட்டு."

எனக்குக் காட்டத் தெரியவில்லை. எட்டு எண்ணும் தெரியும். எது வீடு, எது வழி என்று தெரியாது.

அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்கள். ரூட் நோட் என்பது அதன் 'சா'. 'சா' எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அங்கிருந்து 2, 2, 1, 2, 2, 2, 1 என்று ஃபிரெட்டுகளைத் தாண்டினால் மேல் 'சா' வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு. அதனால்தான் எந்தக் கம்பியிலும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கிட்டார் நினைவில் இல்லை. முதல் செமஸ்டர் கணிதம்தான் நினைவில் வந்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் நான். இங்கே வந்ததும் பாடமெல்லாம் ஆங்கிலம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான், கேட்க ஆள் இல்லை. கணக்கைக்கூட மனப்பாடம் செய்தேன். கிராமர் விதிக் கணக்கை எண்களோடு அப்படியே உருப்போட்டுப் போனேன். தேர்வில் எண் மாறியிருந்தது. நான் மாற்றாமல், புத்தகத்து விடையையே எழுதிவிட்டு வந்தேன். அரியர். ஒரு வருஷமாக வீட்டில் சொல்லவில்லை.

சரி, கிட்டாருக்கு வருகிறேன். அந்த அண்ணன் 'ஏ மேஜர்' ஸ்கேலை, ஒரு கம்பியைக்கூடச் சும்மா விடாமல் வாசிக்கச் சொன்னார். ஆறாம் கம்பி ஐந்தாம் ஃபிரெட்டில் நடுவிரல், அதுதான் 'சா'. ஏழில் சுண்டுவிரல். ஐந்தாம் கம்பியில் 4, 5, 7. விரல்கள் 1, 2, 4. நாலாம் கம்பியில் 4, 6, 7. விரல்கள் 1, 3, 4. அந்தக் கடைசி ஏழுதான் மேல் 'சா'. ஃபிரெட்டுக்கு ஒரு விரல், கை நகரக் கூடாது. அப்படியே மூன்று ஃபிரெட் மேலே தள்ளி எட்டில் தொடங்கினால் அதுவே 'சி மேஜர்'. விரல் மாறாது, பூஜ்ஜியம் என்ற தொல்லையும் இல்லை.

ஏன் நடுவில் தொடங்கச் சொன்னார் என்று பணிமனை ஸ்டீல் ரூலை எடுத்து அளந்து பார்த்தேன். (இதற்காவது இயந்திரவியல் உதவட்டும்.) என் கிட்டாரில் கம்பியின் நீளம் 650 மி.மீ. ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் மீதி நீளத்தை 17.817-ஆல் வகுத்துத் தள்ளி வைக்கிறார்கள். முதல் கட்டம் 36.5 மி.மீ., ஐந்தாவது கட்டம் 29 மி.மீ. தலைப்பக்கத்து முதல் நாலு கட்டத்துக்கு 134 மி.மீ. வேண்டும், நாலிலிருந்து ஏழு வரையுள்ள நாலு கட்டத்துக்கு 113 மி.மீ. போதும். புதிதாகப் பழகும் கைக்கு இந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

ஆனால் மேல் 'சா' வந்து விழுந்தது சுண்டுவிரலில். இத்தனை நாள் சும்மா நின்ற விரல்! ஒவ்வொரு முறையும் தூரத்திலிருந்து ஓடிவந்து ஃபிரெட்டின் மேலேயே விழுந்து 'கிர்ர்' என்றது. ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி அழுத்த வேண்டும். அதற்குள் தாளம் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை கிட்டாரோடு ஊருக்குப் போனேன். அம்மா சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏல, அந்தச் சுண்டுவிரலு மட்டும் ஏன் ஆகாயத்தப் பாத்துக்கிட்டு நிக்கு?"

"அது தானா நிக்கும்மா."

"தானா நிக்காது. நீ விட்டா நிக்கும். வெரலு எல்லாம் எலைகிட்டயே கெடக்கணும். தூரப் போச்சுன்னா திரும்பி வர நேரமாகும்லா? அப்புறம் ஆயிரம் பீடிய எப்பம் சுத்த?"

அவள் கையைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக அந்தக் கை சம்பாதித்ததைத் தின்றவன், அன்றைக்குத்தான் பார்த்தேன். இலையை உருட்டும்போது வேலையில்லாத விரல்கள்கூட இலையை விட்டு ஒரு நெல் அளவுக்கு மேல் விலகவில்லை. நானும் சுண்டுவிரலைக் கம்பிக்கு மேலேயே தாழ்த்தி வைத்து மெதுவாக வாசித்தேன். பத்துக்கு ஆறு சரியாக விழுந்தது.

என்னவோ, அந்த நேரத்தில்தான் வாய் வந்தது. "கணக்குல அரியர் இருக்கும்மா."

"அப்படின்னா?"

"தப்பிட்டேன். திரும்ப எழுதணும்."

அம்மா ஒரு கட்டு கட்டி முடித்தாள். "பீசு கெட்டணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எந்த எடத்துல தப்புன?" என்று கேட்டாள். கிராமர் விதியை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? இருந்தாலும் சொன்னேன். எது மாறும், எது மாறாது என்று தரையில் இலைத்துண்டுகளை வரிசையாக வைத்துச் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா தெரியாது. எனக்கு அன்றுதான் புரிந்தது.

விழாவில் நான் வாசிக்கவில்லை. அந்த சிவில் அண்ணன்தான் வாசித்தார். நான் ஆம்ப்ளிஃபயர் தூக்கினேன். அந்தப் பெண் இரண்டு கட்டையில் அருமையாகப் பாடினாள். அரியர் தேர்வு எழுதியாகிவிட்டது, இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை ரிசல்ட் வரவில்லை. நாலாம் கம்பி ஏழாம் ஃபிரெட் இன்னும் அவ்வப்போது 'கிர்ர்' என்கிறது. அம்மா போன் பண்ணினால் முதலில் "சாப்பிட்டியா" என்று கேட்கிறாள். அடுத்து, "அந்த வெரலு எறங்கிட்டா?"