பொம்மைகள் ஒரே வீட்டில் கூடியபோது



பொம்மைக் கதைக்காக மீசை முளைத்த பிள்ளை ஒருவன் கண் கலங்குவதை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். அவன் வேறு யாருமல்ல, என் அக்காள் மகன்தான். பட்டணத்தில் நல்ல வேலையில் இருப்பவன். 2018-ஆம் ஆண்டு இறுதி விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தவன், பசியாறக்கூட வராமல் ஒரு படக்கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

“என்னடா தம்பி?” என்றேன்.

“கதை முடிஞ்சிருச்சு மாமா. பதிமூணு வருஷக் கதை. எல்லாப் பொம்மையையும் ஒண்ணாச் சேர்த்தாங்க. அப்புறம் எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சிட்டாங்க” என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்புக்காக நான் வெட்கப்பட்டது அடுத்த மாதத்தில்தான்.

2019 ஜனவரியில் பள்ளி திறந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோய் அதை மூடிவிட்டார்கள். அங்கிருந்த பதினோரு பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். முதல் நாள் சபையில், “இன்று முதல் நாம் அனைவரும் ஒரே குடும்பம்” என்று நான் முழங்கினேன். வகுப்பில் ஒரு சிறுமி தன் நோட்டுப் புத்தக அட்டையில் பழைய பள்ளியின் பெயரையே எழுதியிருந்தாள். அதன்மேல் புதுத்தாள் ஒட்டச் சொன்னேன். ஒட்டினாள். ஆனால் அன்று முழுவதும் யாருடனும் அவள் பேசவில்லை. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் மருமகனின் முகம் நினைவுக்கு வந்தது.

மார்ச் விடுமுறையில் அவனை அழைத்து, “உன் புத்தகங்களைக் கொண்டுவா. எனக்குச் சொல்லிக் கொடு” என்றேன். ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தான். அவன் சொல்லித் தந்ததையும் நான் படித்ததையும்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் பொம்மைக் கம்பெனிகள் தங்கள் சரக்கை விற்பதற்காகப் படக்கதை வெளியிடச் செய்வது பழைய வழக்கம். 1984-ல் ஹாஸ்புரோ நிறுவனம், ஜப்பானின் தக்காரா நிறுவனத்துப் பொம்மைகளை வாங்கி ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று பெயரிட்டது. லாரியாகவும் காராகவும் உருமாறும் இயந்திர மனிதர்கள் அவை. மார்வெல் என்ற பதிப்பகம் அவற்றுக்குக் கதை எழுதியது. பாப் புடியான்ஸ்கி என்பவர் பல பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1982-ல், ‘ஜி.ஐ. ஜோ’ என்ற போர்வீரர் பொம்மைகளுக்கும் மார்வெல் கதை தொடங்கியிருந்தது. அதை 155 இதழ்கள் வரை கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் லாரி ஹாமா.

விற்பதற்காக எழுதியதுதானே என்று அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். ‘ரோம்’ என்ற விண்வெளி வீரனின் கதையைக் கேளுங்கள். 1979-ல் வந்த அந்தப் பொம்மை சரியாக விற்கவில்லை. ஆனால் பில் மாண்ட்லோ எழுதிய அதன் படக்கதை 1986 வரை 75 இதழ்கள் வந்தது. பொம்மை கடையைவிட்டுப் போனபின்னும் கதை நின்றது! 1992-ல் அந்த எழுத்தாளர் வாகனம் மோதிப் படுகாயமுற்றார். அவருடைய பராமரிப்புக்காக வாசகர்கள் நிதி திரட்டினார்கள். எந்த விளம்பரத்தால் இப்படிப்பட்ட அன்பை உண்டாக்க முடியும், சொல்லுங்கள்?

இனி, சேர்த்துவைத்த கதைக்கு வருவோம். 1987-ல் மார்வெல், ஜி.ஐ. ஜோவையும் டிரான்ஸ்ஃபார்மர்ஸையும் நான்கு இதழ்களில் சந்திக்க வைத்தது. அதில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த ‘பம்பிள்பீ’ என்ற சின்ன மஞ்சள் காரைப் போர்வீரர்கள் தவறாகப் புரிந்துகொண்டு சிதறடித்துவிடுகிறார்கள். பிறகு அவன் ‘கோல்ட்பக்’ என்ற வேறு பெயரில், வேறு உருவத்தில் எழுகிறான். அதே ஆண்டில் கோல்ட்பக் என்ற புதுப் பொம்மை கடைக்கு வந்தது. கதைக்காகச் செத்தானா, கடைக்காகச் செத்தானா என்று வாசகன் கேட்டால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

என் மருமகனின் வருத்தம் 2016-ல் தொடங்கியது. அப்போது அந்தக் கதைகளை ஐ.டி.டபிள்யூ. என்ற பதிப்பகம் நடத்தி வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ‘ரெவல்யூஷன்’ என்ற ஐந்து இதழ்க் கதை தொடங்கியது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ. ஜோ, ரோம், மைக்ரோநாட்ஸ், ஆக்‌ஷன் மேன், மாஸ்க் ஆகிய ஆறு பொம்மைக் குடும்பங்களும் ஒரே உலகத்தில் வாழ்வதாகச் சொல்லிவிட்டார்கள். இவற்றில் பலவற்றைச் சேர்த்து ஒரே திரைப்பட உலகம் படைக்கப்போவதாக 2015 டிசம்பரிலேயே அறிவிப்பு வந்திருந்தது.

ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். ஒரு சாரார் துள்ளிக் குதித்தார்கள். அவர்கள் சொன்னதும் நியாயந்தான். நம் லயத்துப் பிள்ளைகள் ரப்பர் கொட்டையையும் பால் டின் மூடியையும் தீப்பெட்டியையும் ஒரே சண்டையில் இறக்குவதில்லையா? தரையில் விளையாடும் குழந்தை இது எந்தக் கம்பெனிப் பொம்மை என்று பார்ப்பதில்லை. அந்தப் பால்ய விளையாட்டைத் தாளில் கண்ட மகிழ்ச்சி அவர்களுக்கு.

மறுசாரார் முகம் சுளித்தார்கள். “இயந்திர மனிதர்கள் இத்தனை வருடம் பூமியில் சண்டை போட்டபோது இந்த வீரர்கள் எங்கே போயிருந்தார்கள்?” என்று கேட்டார்கள். “எனக்குப் பிடித்த கதை பாதியில் நிற்கிறது. மற்றவர் கதையையும் காசு கொடுத்து வாங்கினால்தான் இது புரியும் என்றால் எப்படி?” என்றார்கள். 2005-ல் தொடங்கிய அந்தக் கதையுலகம் 2018-ல் முற்றுப்பெற்றது. அன்றைக்குத்தான் என் மருமகன் பசியாறாமல் உட்கார்ந்திருந்தான்.

அவன் சொன்ன ஒரு சொல் எனக்கு உறைத்தது: “மாமா, சேர்த்ததுல எனக்கு வருத்தமில்ல. இதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் நடக்கவே இல்லைங்கிற மாதிரி சேர்த்தாங்க பாருங்க, அதான் வருத்தம்.”

நானும் அந்தச் சிறுமிக்கு அதைத்தானே செய்தேன்!

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவளை அழைத்து, “உன் பழைய பள்ளியைப் பற்றிச் சபையில் சொல்கிறாயா அம்மா?” என்று கேட்டேன். வாசலில் நின்ற மாமரத்தைப் பற்றியும், மணி அடித்த இரும்புத் துண்டைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினாள். மற்றப் பத்துப் பேரும் ஒவ்வொரு வாரமாகப் பேசினார்கள். அந்தப் பள்ளியின் பழைய பெயர்ப்பலகையைக் கேட்டு வாங்கி எங்கள் நூலகச் சுவரில் மாட்டினோம். பலகையை மாட்டிய அன்றுதான் எங்கள் பிள்ளைகளோடு அவள் கல் பிடித்து விளையாடியதைப் பார்த்தேன்.

பொம்மைக் கதையும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2023 ஜூனில் ராபர்ட் கிர்க்மன் எழுதிய ‘வாய்ட் ரைவல்ஸ்’ என்ற புதுக்கதையின் முதல் இதழ் வந்தது. முன்னறிவிப்பில்லாமல் அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தலைகாட்டியது. வாசகர்கள் வியந்து மகிழ்ந்தார்கள். அந்த அக்டோபரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு டேனியல் வாரன் ஜான்சன் தனி இதழ் தொடங்கினார். ஜி.ஐ. ஜோவின் வீரன் ‘டியூக்’ டிசம்பரில் தன் சொந்த இதழில் வந்தான். ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு வீடு கொடுத்தார்கள். பிறகு ஒருவர் வாசலை மற்றவர் எட்டிப் பார்க்க வைத்தார்கள். ஜான்சனின் கதையிலும் முதல் இதழிலேயே பம்பிள்பீ கொல்லப்படுகிறான். வாசகர்கள் அதிர்ந்தார்கள், ஆனால் கதையைக் கைவிடவில்லை. அது 2024-ல் சிறந்த தொடர் படக்கதைக்கான ஐஸ்னர் பரிசைப் பெற்றது. அங்கே அந்தச் சாவுக்குப் பின்னால் துக்கம் இருந்தது. புதுப் பொம்மை காத்திருக்கவில்லை.

மருமகன் இப்போது மறுபடியும் படக்கதை வாங்குகிறான். போன முறை வந்தபோது எனக்கும் ஒன்று கொண்டுவந்தான். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு கதை முடிந்ததற்காகவோ, ஒரு பொம்மை உடைந்ததற்காகவோ முகம் வாடினால், “இதுக்கெல்லாமா?” என்று கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தக் கதையை எனக்கும் சொல்லேன்” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.