கொரங்காட்டைத் தரிசு என்று எழுதவிடலாமா?

திருப்பூரிலிருந்து காங்கேயம் சாலையில் கிளம்பினால், நல்லூர் வரை இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகளும் குடோன்களும்தான். 'டெய்லர் தேவை' அட்டை தொங்காத கேட்டைப் பார்ப்பது அரிது. படியூர் பக்கம் வரும்போது மண் சிவக்கிறது, சரளை தெரிகிறது. சாலையோரம் இடுப்பளவு, நெஞ்சளவு கிளுவை வேலிகள் வருகின்றன. வேலிக்குள் வெள்வேல மரம், அதன் நிழலில் செம்மறிகள், கொஞ்சம் தள்ளி ஒரு காங்கேயம் பசு. இதுதான் கொரங்காடு.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மேய்ச்சல் நிலம் இது. மற்ற ஊர்களில் மேய்ச்சல் என்றால் புறம்போக்கு. இங்கே ஒவ்வொரு கொரங்காடும் பட்டா நிலம். மழை குறைந்த சீமையில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும்தான் ஆடு மாட்டுக்குத் தீவனம். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. வேலியை ஆண்டுதோறும் வெட்டிக் கட்டுவதே பெரிய வேலை.

ஆனால் திருப்பூர் நெருங்கி வருகிறது. 2008இல் மாநகராட்சியான ஊர், 2011இல் நல்லூர், வேலம்பாளையம் நகராட்சிகளையும் எட்டு ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டது. எல்லை நகர்ந்தால், நிலத்தின் மேல் வரும் வரிக் கணக்கும் நகரும்.

எந்த வரி, எங்கே?

புன்செய் நிலத்துக்கு அரசு வாங்கும் கிஸ்தி ஏக்கருக்குச் சில ரூபாய்தான். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டபோது அதுவும் தள்ளுபடி ஆனது. நகர எல்லைக்குள் வந்த நிலத்துக்குக் காலிமனை வரி என்ற பயம் பலருக்கு உண்டு. ஆனால் 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமே, முழுக்க விவசாயத்துக்குப் பயன்படும் நிலத்தைக் காலிமனையிலிருந்து பிரித்துத்தான் பார்த்தது.

பெரிய தொகை வருவது நிலத்தை விற்கும்போது. கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வருமான வரி கிடையாது. நகர்ப்புற நிலம் என்றால் உண்டு. இந்த இரண்டையும் பிரிப்பது தூரம். மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள ஊர் என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதற்கு மேல் 8 கிலோமீட்டர். சாலைத் தூரம் அல்ல, நேர்கோட்டுத் தூரம். பேரூராட்சியும் இந்தக் கணக்கில் சேரும்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் நகராட்சிகளைச் சுற்றி 2 கிலோமீட்டர். திருப்பூர் மாநகராட்சி 2011 கணக்கெடுப்பில் 10 லட்சத்துக்குள் இருந்ததால் 6 கிலோமீட்டர். 2027 கணக்கெடுப்பு வெளியாகி, மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தால் அது 8 ஆகிவிடும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். கிராமத்து நிலம் நகரத்து நிலமாகிவிடும்.

மகள் கல்யாணத்துக்காக அந்த வட்டத்துக்குள் இருக்கும் 2 ஏக்கரை ஒருவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 40 லட்சம் என்றால், 12.5 சதவீதப்படி 5 லட்சம் வரி, செஸ் தனி. பரம்பரைச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக வைத்துக் கணக்கிடலாம். அதை விட்டால் வரி இன்னும் ஏறும்.

சலுகைக்கு ஆதாரம் எது?

நகர்ப்புற விவசாய நிலத்துக்கும் வழி உண்டு. விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அதில் போட்ட அளவுக்கு லாபத்துக்கு வரி விலக்கு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 54பி பிரிவு. 2026 ஏப்ரல் முதல் பொருந்தும் புதிய சட்டத்தில் எண் மாறினாலும் சலுகை தொடர்கிறது. ஆனால் நிபந்தனை இருக்கிறது. விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் உரிமையாளரோ அவருடைய பெற்றோரோ அதை விவசாயத்துக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, வேறொருவர் ஆடு மேய்த்த காட்டுக்கு இந்த இடத்தில் சிக்கல் வரும். புதிதாக வாங்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் விற்றாலும் சலுகை போய்விடும்.

கொரங்காடு விவசாயம்தானா என்று அதிகாரி கேட்கலாம். 1957இல் ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படை வேலை மனித உழைப்பால் நிலத்தில் நடந்திருக்க வேண்டும். அப்படி விளைந்த பொருள்களில் கால்நடை தின்னும் புல்லையும் மேய்ச்சலையும் அந்தத் தீர்ப்பு சேர்த்துச் சொல்கிறது. தானாக முளைத்த மரத்தை வெட்டி விற்ற பணம் மட்டும் விவசாய வருமானம் ஆகாது. நட்டு வளர்த்த மலைவேம்புக்கும் தானாக வந்த வெள்வேலுக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் உண்டு. ஆடு விற்ற பணமும் பால் பணமும் விவசாய வருமானத்தில் சேராது. காட்டோரம் ஷெட் போட்டுப் பனியன் கம்பெனிக்கு விட்ட வாடகையும் சேராது; அந்த ஷெட் நிற்கும் இடம் விவசாய நிலம் என்ற பெயரையும் இழக்கும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினை நகரங்களை ஒட்டிய பண்ணைகளுக்கு வந்தது. 1956இல் மேரிலாந்து மாநிலம், பண்ணை நிலத்துக்கு மனை விலையை வைத்து வரி போடாமல் விவசாயப் பயனை வைத்து மதிப்பிடத் தொடங்கியது. பிறகு மற்ற மாநிலங்களும் பின்பற்றின. பல மாநிலங்களில் நிலத்தை மனையாக்கினால் பழைய சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அங்கும் நிலம் உண்மையில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அடங்கல். கிராமக் கணக்கு எண் 2 என்ற இந்தப் பதிவை, கிராம நிர்வாக அலுவலர் ஜூலை 1இல் தொடங்கும் ஒவ்வொரு பசலிக்கும் புல எண் வாரியாக எழுதுகிறார். உழவு ஓட்டாத ஆண்டில் கொரங்காடு 'தரிசு' என்று விழுந்துவிடுவது உண்டு. மேய்ச்சல் நடந்திருந்தாலும் தாளில் இல்லை. பத்து ஆண்டு கழித்து விற்கும்போதுதான் அந்த ஒரு சொல் எத்தனை லட்சம் என்று தெரியும்.

எனவே ஆண்டுதோறும் அடங்கல் நகல் வாங்கிப் பார்க்க வேண்டும். தீவனப்புல், மேய்ச்சல், விதைத்த சோளம் எதுவோ அது பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். தவறு இருந்தால் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். ஜமாபந்தி அதற்கு நல்ல நேரம். கிஸ்தி ரசீது, உழவுக் கூலி, விதை வாங்கிய பில், வேலி கட்டிய செலவுச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைக்க வேண்டும். விற்க நினைப்பவர்கள் தூரத்தைத் தாசில்தார் அலுவலகத்தில் சான்றாகக் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் வாங்குவது நல்லது.

மூலனூர்ப் பக்கம் சாயங்காலம் செம்மறிகள் பட்டிக்குத் திரும்பும். அடுத்த மழைக்குப் புல் தழைக்க, மேய்ந்த துண்டு காட்டை அடைத்துவிடுவார்கள். அடங்கலில் அந்தத் துண்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதை இந்தப் பசலி முடிவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.