புனேவும் சின்ஹகட்டும் பின்னே ஞானும்

வெளியூருக்குத் தனியாகப் பொட்டி தட்ட வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அறைக்குள் மயங்கி விழுந்து கிடந்தால் எத்தனை நாளில் வெளியே தெரியும்? 2023 ஜூனில் புனே வந்து, கோத்ருடில் அறை எடுத்த முதல் வாரமே நான் போட்டேன். ஆபீஸ் பாதி நாள் வீட்டிலிருந்துதான், யாரும் கேமரா போடுவதில்லை, ஆக அங்கே ரெண்டு நாள் ஓடிவிடும். வீட்டுக்காரர் அஞ்சாம் தேதி வாடகைக்குத்தான் தேடுவார். அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள், எடுக்காவிட்டால் பதறுவாள். பதறி யாரைக் கூப்பிடுவாள்? அவள் போனில் ஒரு புனே நம்பர்கூடக் கிடையாது.

விடை திருப்தியாக இல்லை. அதனால் மலைக்குப் போனேன். (சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.)

எனக்குச் சொந்த ஊர் தென்காசி. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் மலை முழுசாகத் தெரியும். ஆனி ஆடியில் மேகம் இறங்கி மலையே காணாமல் போகும், அப்புறம் சாரல் முகத்தில் வந்து அடிக்கும். வீட்டு ஆம்பளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு கோயில், ஏதாவது ஒரு சாக்கு சொல்லி ஏறி இறங்கியிருக்கிறார்கள். எனக்கு அருவிக்கரைதான் எல்லை. கேட்டால், "பொம்பளப் பிள்ளைக்கு மலையில என்னட்டி சோலி?" 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதில் பெண்கள் பலர். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசே நாற்பது மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு பதிவு செய்து போகலாம் என்று திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் நான் ஊரைவிட்டுக் கிளம்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

புனேக்காரர்களுக்கு மலை என்பது நமக்கு மெரினா மாதிரி. ஊருக்குள்ளேயே வேதாள் டேக்டி, பர்வதி என்று குன்றுகள். டேக்டி என்றால் குன்று. காலையில் தாத்தாக்கள் கைத்தடியோடு ஏறி, மேலே நின்று அரசியல் பேசிவிட்டு இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சின்ஹகட். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். 1670 இல் சிவாஜியின் தளபதி தானாஜி உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை.

ஸ்வார்கேட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து அடிவாரத்தில் இறங்கினால், என்னைப் போலத் தனியாக வந்த பெண்களே நாலைந்து பேர். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. எனக்கு அதுவே பெரிய அதிசயம். ஜிம்முக்குப் போன திமிரில் விறுவிறு என்று ஏற ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, கச்சம் வைத்துச் சேலை கட்டிய ஒரு பாட்டி, தலையில் தயிர்க் கூடையோடு என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் "ஹளூ ஹளூ" என்றார். மெதுவா, மெதுவா. நான் கற்றுக்கொண்ட முதல் மராத்தி வார்த்தை அதுதான் :-)

பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்காசியில் நான் பார்த்ததும் இங்கே ஏறுவதும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலைதான். அதுபாட்டுக்கு 1,600 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆனால் நம்மூர்ப் பக்கம் உருண்டு திரண்ட பழம்பாறை. இங்கே ஆறரைக் கோடி வருஷத்துக்கு முந்தைய எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக இறுகிப்போனது. தூரத்திலிருந்து பார்த்தால் மலை படிக்கட்டு மாதிரி இருக்கும், உச்சியைச் சீவிவிட்டது மாதிரி தட்டையாக. மழைக்காலத்தில் அந்தக் கருங்கல்லில் பாசி பிடித்தால், உங்கள் விலையுயர்ந்த ஷூவெல்லாம் சும்மா. மேலே போனால் சுடச்சுட வெங்காயப் பஜ்ஜி, சோள ரொட்டி, கடலைமாவில் கிண்டிய பிட்லா, சட்டித் தயிர். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போது வேண்டாம். பசிக்கிறது.

நிற்க. நாலாவது ஞாயிறோ ஐந்தாவதோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. வாராவாரம் ஏறுகிற ஏழெட்டுப் பேர் கொண்ட கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. எல்லோரும் காகூ என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். நம்மூர் சித்தி மாதிரி. எனக்கு மராத்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ரெண்டு பேருக்கும் பொதுவாக இருந்த இந்தியில் நான் பேசியது இந்தியே இல்லை. அது போதுமானதாக இருந்தது.

செப்டம்பரில் காய்ச்சல் வந்து படுத்தேன். ரெண்டு ஞாயிறு போகவில்லை. அந்தப் பதினைந்து நாளில், அம்மாவைத் தவிர, என்னைக் காணோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் போட்ட கணக்கு சரிதான் என்று ஒரு கசப்பான திருப்தி! மூன்றாவது ஞாயிறு பஸ்ஸில் ஏறினதும் பின் சீட்டிலிருந்து அதட்டலாக ஒரு குரல்: "குட்டே ஹோதீஸ்?"

எங்கே இருந்தாய் என்று அர்த்தம். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காகூ விடவில்லை. என் நம்பரை வாங்கிக்கொண்டு, "அம்மா நம்பர்?" என்று அதையும் வாங்கிக்கொண்டார்.

2024 ஜூன் 30 இல் லோனாவாலா பூஷி அணைப் பக்கம் அருவி வெள்ளத்தில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அந்த வீடியோ தென்காசி வரைக்கும் போய்விட்டது. அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள். "போதும்ட்டி, நீ மலைக்கும் போகாண்டாம், அந்த ஊர்லயும் இருக்காண்டாம். இங்கன வந்துரு." அந்த வருஷம் மே மாதம்தான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் போயிருந்தான். அவள் பயத்தைச் சும்மா பயம் என்று தள்ள முடியாது. அருவிக்கரை வரைக்கும்தான் விட்டாலும், அந்தக் கரையில் அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்று இருக்கிறது. தண்ணி கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ, சோப்பை எடுக்கக்கூட நிற்காதே, வெளியே வா.

ஜூலையில் வேறொரு கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. முழங்கால் அளவுகூட இல்லை. எங்களுக்கு மழையே இல்லை, ஆனால் மேலே மலை முழுக்கக் கறுத்திருந்தது. தெளிவாக ஓடின தண்ணி நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறத்துக்கு மாறியது. திரும்பலாம் என்றேன். ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள், அவ்வளவு தூரம் நடந்தது வீணா என்று. காகூ என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பி நடந்தார். வெள்ளம் வந்ததா என்று கேட்காதீர்கள். நாங்கள் நின்று பார்க்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தக் காகூ நல்லா இருக்காளா?" என்று கேட்டாள். ஊருக்கு வா என்கிற பேச்சு முழுசாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம்ம செஞ்சி! மறு ஞாயிறு பஸ்ஸில் எனக்குத் திடீர் மரியாதை. ஜிஞ்சி எப்படி இருக்கும், ராஜகிரி எவ்வளவு செங்குத்து என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நான் போனதே இல்லை. அவர்கள் சொல்லித்தான் எனக்கே முழுக்கதையும் தெரிந்தது. 1677 இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தது, பிற்பாடு அவர் மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பி அங்கே போய் வருஷக்கணக்கில் முற்றுகையைத் தாக்குப்பிடித்தது, கடைசியில் 1700 இல் உயிரை விட்டது. அவர் சமாதி எங்கே இருக்கிறது தெரியுமா? சின்ஹகட்டில். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் எத்தனையோ தடவை தயிர் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது மொத்தக் கூட்டமும் செஞ்சிக்குக் கிளம்புகிறது, நான்தான் வழிகாட்டியாம். வெயில் கொன்றுவிடும், ஜனவரிக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். தென்காசிக்கும் செஞ்சிக்கும் நடுவே முக்கால்வாசித் தமிழ்நாடு கிடக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அதெப்படிட்டி, அவ்வளவு தூரம் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போவாக? காகூக்கு அவியல் பிடிக்குமான்னு கேளு."