மார்க்கர் மாமா

1980 மார்ச்சில் பிரகாஷ் படுகோன் லண்டனில் லீம் ஸ்வீ கிங்கை வீழ்த்தி ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார். அதோடு பெங்களூர்ப் பையன்கள் கையிலெல்லாம் ஷட்டில் பேட் ஏறிவிட்டது. மல்லேஸ்வரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஆடிப் பழகியவர் உலகத்தை ஜெயித்துவிட்டார் என்றால் அல்சூர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? தெருவின் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே துணி காயப்போடும் கயிறு கட்டி, இருட்டும்வரை ஆடினோம். அந்த ஆட்டத்தில் நான் சுமார்தான். என் மனசு வேறொரு ஆட்டத்தில் இருந்தது. அதற்குக் காரணம் என் தாய்மாமா.

மாமா கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய கிளப் ஒன்றில் ஸ்குவாஷ் மார்க்கர். இப்போது கோச் என்று சொல்லிவிடுகிறார்கள்; அன்றைக்கு மார்க்கர்தான். வெள்ளைக்காரன் காலத்து வேலை அது. ஆட்டத்துக்குப் புள்ளி எண்ணுவது, துணையில்லாமல் வரும் மெம்பரோடு ஆடுவது, கற்றுக்கொள்ள வருகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது, ராக்கெட்டுக்கு நரம்பு பின்னுவது, ஆட்டம் முடிந்ததும் கோர்ட்டைப் பெருக்கித் துடைப்பது எல்லாம் ஒரே ஆள். மெம்பர்களின் பிள்ளைகளுக்கு முன்வாசல். மார்க்கரின் அக்கா மகனுக்குச் சமையல்கட்டை ஒட்டிய பின்கேட். அந்த வழியாக நுழைந்து, மரப்படி ஏறி, கேலரி பெஞ்சின் ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். யாராவது மெம்பர் மேலே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். பள்ளி விடுமுறைக் காலை எல்லாம் எனக்கு அந்த பெஞ்சில்தான் போயிற்று.

கண்ணாடிக் கோர்ட் எங்கள் ஊருக்கு வராத காலம். நாலு பக்கமும் சுவர், பின்சுவருக்கு மேலே கேலரி. பார்க்கிறவன் தலையைக் குனிந்து, ஒரு கிணற்றுக்குள் பார்ப்பது போலத்தான் பார்க்க வேண்டும். நீளம் 32 அடி, அகலம் 21 அடி. அதற்குள் இரண்டு பேர், ஒரே பக்கம் முகம் காட்டி நின்று, ஒரே சுவரில் அடிக்கிறார்கள். முன்சுவரின் அடியில் முழங்காலுக்குக் கீழே ஒரு தகரப் பட்டை. அதற்குப் பெயரே டின். பந்து அதில் பட்டால் 'டங்' என்று கோர்ட் முழுவதும் கேட்கும், புள்ளி போச்சு. டின்னுக்கு ஒரு விரல் மேலே பட்டால் அதே அடி அற்புதமாகிவிடும்.

டிசம்பர் காலைகளில் பந்து செத்துக் கிடக்கும். கறுப்பு ரப்பர் உருண்டை, 40 மில்லிமீட்டர்தான் குறுக்களவு, உள்ளே காற்று. குளிர்ந்திருக்கும்போது கீழே போட்டால் எழும்பவே எழும்பாது. மாமா அதை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார், ஷூவுக்கு அடியில் உருட்டுவார், பிறகு சுவரில் விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார். அடிக்க அடிக்கப் பந்துக்குச் சூடு ஏறும், சத்தம் மாறும். மந்தமான 'தொப்' மெல்ல மெல்லக் கூர்மையாகி, துப்பாக்கி வெடிப்பது மாதிரி ஆகும். எடுத்து என் கையில் போடுவார். சுடச்சுட இருக்கும். "இப்பதான் இதுக்கு உசிரு வந்துக்கினு இருக்குது" என்பார்.

ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி என்று அவர் எனக்குச் சொல்லித்தந்தது ஒரு ராணுவ மேஜரோடு ஆடிய காலையில். மேஜருக்கு முப்பது வயது இருக்கலாம், வைரம் பாய்ந்த உடம்பு. மாமாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது, வலது முட்டியில் எப்போதும் துணிப்பட்டை. மேஜர் அடித்த அடிகளில் கேலரி அதிர்ந்தது. மாமா பலமாக அடிக்கவே இல்லை. பந்தை உயரமாக, மெதுவாக, இடது சுவரை ஒட்டிப் பின்மூலைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். மேஜரும் அங்கேயே திருப்பினார். மறுபடி அதே மூலை, மறுபடியும் அதே. எனக்குச் சலித்தே போனது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பந்து சுவரை இன்னும் கொஞ்சம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் சுவரை உரசிக்கொண்டே போயிற்று; ராக்கெட்டை வீச இடமில்லை, சுவரைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மேஜர் பொறுமை இழந்து பந்தைக் குறுக்கே வலப்பக்கம் தள்ளினார். அதற்காகவே காத்திருந்தவர் போல மாமா கோர்ட் நடுவில் நின்றிருந்தார். தரையில் விழவிடாமல் பந்தை மறித்து, வலது முன்மூலையில் பூப்போல வைத்தார். மேஜர் பாய்ந்து வந்து தூக்கிவிட்டார். கோர்ட் முழுவதும் காலியாக இருந்தது, மாமா எங்கே வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். மறுபடியும் அதே இடது பின்மூலைக்கே அனுப்பினார். மேஜர் ஓடினார், பின்சுவரில் அடித்து எப்படியோ முன்னால் கொண்டுவந்தார். பந்து மிதந்து வந்தது. மாமா லேசாகத் தட்டினார். பக்கச் சுவரும் தரையும் சேரும் இடுக்கில் விழுந்து, எழும்பாமல், தரையோடு உருண்டு ஓடியது. அந்த அடிக்கு 'நிக்' என்று பெயர். அதற்குப் பதிலே கிடையாது.

நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன். மேஜரும் சிரித்துக்கொண்டே ராக்கெட்டைத் தட்டினார்.

சைக்கிளில் திரும்பும்போது மாமா கேட்டார்: "இன்னாத்துக்குக் கண்ணு கை தட்ன? கடசி அடிக்கா?" ஆமாம் என்றேன். "அது யாரு வேணா அடிப்பான். பந்து தானா வந்து நின்னுச்சு, தட்னேன். அதுக்கு முன்னாடி ரெண்டாவது தபா மூலைக்கு அனுப்பினேன் பாரு, அப்பவே மேஜர் சாருக்கு மூச்சு வாங்கிடுச்சு. அத்த கேட்டியா நீ? பந்தப் பாக்காத. அடிச்சவன் கால் எங்க போவுதுன்னு பாரு. நடுவுக்குத் திரும்புறானா, பாதியிலயே நிக்கிறானான்னு பாரு."

அன்றிலிருந்து நான் பார்த்த ஸ்குவாஷ் வேறு. தரையில் சிவப்புக் கோடுகள் சேர்ந்து ஆங்கில 'டி' எழுத்துப் போல இருக்கும் இடம்தான் கோர்ட்டின் சிம்மாசனம். இரண்டு பேரும் சண்டை போடுவது அந்த இடத்துக்காகத்தான். பந்து வெறும் சாக்கு. யார் அடித்துவிட்டு அங்கே வந்து நிற்கிறாரோ அவர் ஆட்டத்தை நடத்துகிறார், மற்றவர் ஓடுகிறார். இது தெரிந்த பிறகு அந்தச் சலிப்பான சுவரோர அடிகள் எனக்குச் சலிக்கவே இல்லை. மூச்சுச் சத்தம், ஷூ தேயும் சத்தம், திரும்பி வரும்போது எடுக்கும் கூடுதல் ஒரு எட்டு என்று கேட்டும் பார்த்தும், புள்ளி எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்லப் பழகினேன். அப்போது பழைய கணக்கு. சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி, ஒன்பது எடுத்தால் ஒரு கேம். புள்ளியே ஏறாமல் சர்வீஸ் மட்டும் கை மாறி மாறிப் போகும் நேரங்களில்தான் ஆட்டத்தின் ருசி இருந்தது. இன்றைய பதினொரு புள்ளிக் கணக்கு விறுவிறுப்பானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நீண்ட இழுபறி தந்த நிறைவு எனக்கு இதில் கிடைப்பதில்லை.

மாலையில் கோர்ட் காலியானதும் சுவர் துடைக்கும் வேலை. ஈரத்துணியும் வாளியுமாக நானும் இறங்குவேன். கறுப்புப் பந்து பட்ட இடமெல்லாம் வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறப் பொட்டு. துடைக்குமுன் மாமா என்னை நிறுத்தி வைத்துப் படிக்கச் சொல்வார். புதிதாக ஆட வந்தவர் ஆடிய சுவரில் பொட்டுகள் கண்டபடி சிதறியிருக்கும், டின்னின் மேல்விளிம்பெல்லாம் கறுத்திருக்கும். நல்ல ஆட்டக்காரர் இருவர் ஆடிவிட்டுப் போன சுவரில் இடது ஓரம் உயரமாக ஒரு கொத்து, வலது ஓரம் ஒரு கொத்து, கீழே மூலைகளில் டின்னுக்குச் சற்று மேலே கொஞ்சம். நடுச்சுவர் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும். யார் ஆடினார்கள் என்று தெரியாமலே, எப்படி ஆடினார்கள் என்று சொல்லிவிடலாம். துடைத்து முடித்தால் தோள் வலிக்கும், ஆனாலும் அந்த வேலையை நான் ஒருநாளும் தட்டிக்கழித்ததில்லை.

சுவர் துடைக்கும்போதுதான் கதைகளும் வரும். பெஷாவர் பக்கத்து நவாகில்லே கிராமத்து ஹாஷிம் கான் கதை. வெள்ளை அதிகாரிகள் கிளப்பில், கூரையில்லாத கோர்ட்டைத் தாண்டி விழும் பந்தைப் பொறுக்கிப் போட்டு வளர்ந்தவர், வெறுங்காலோடு ஆடிப் பழகியவர், மார்க்கராக இருந்தவர். 1951இல், முப்பத்தைந்து வயது தாண்டிய பிறகு லண்டனுக்குப் போய், எகிப்தின் மஹ்மூத் கரீமை 9-5, 9-0, 9-0 என்று தோற்கடித்து பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அதற்கு முந்தின வருஷம் அதே கரீமோடு இறுதி ஆட்டம் ஆடித் தோற்றவர் நம் பம்பாயின் அப்துல் பாரி. பிரிவினைக்கு முன் பம்பாயில் பாரியை ஹாஷிம் வென்றிருந்தார். பாரி அவ்வளவு தூரம் போனால் ஹாஷிம் இன்னும் மேலே போவார் என்பதுதான் அவரை லண்டனுக்கு அனுப்பிய கணக்கு. மாமாவுக்கு இதில் பெருமை அடங்காது. பாரியும் மார்க்கர்தானே!

மாமாவின் உண்மையான பிரியம் கமர் ஜமான் மேல். 1975இல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற குவெட்டாக்காரர். மாமா அவர் ஆடிப் பார்த்ததே இல்லை. சீமைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரு மெம்பர் விவரித்ததைக் கேட்டதோடு சரி. ஒரே மாதிரி ராக்கெட்டைத் தூக்குவாராம், கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்புவாராம், எதிராளி பின்னால் ஓடும்போது பந்து முன்னால் விழுமாம். காலிக் கோர்ட்டில் மாமா அதைச் செய்து பார்ப்பார். என்னைப் பின்னால் நிறுத்திக்கொள்வார். பந்து எங்கே போகும் என்று நான் ஊகித்துப் பெரும்பாலும் தோற்பேன், தோற்பதில் அப்படியொரு சந்தோஷம்.

1986 நவம்பரில், ஐந்தரை வருஷம் தோல்வியே அறியாத ஜஹாங்கீர் கானை துலூஸ் நகரில் நியூசிலாந்தின் ராஸ் நார்மன் தோற்கடித்தார். எங்கள் தெருமுனை டீக்கடையில் பாகிஸ்தான்காரன் விழுந்தான் என்று ஒரே குஷி. மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, டீயைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். கிளப்பில் அன்றைக்கு அவர் ஜஹாங்கீரைப் பற்றியேதான் பேசினார். 1983இல் சிசெஸ்டரில் எகிப்தின் கமால் அவாதோடு இரண்டே முக்கால் மணி நேரம் ஆடியது. முதல் கேம் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டும், அதைத் தோற்றும், அசையாமல் அடுத்த மூன்றையும் எடுத்தது. "அந்த மாதிரி ஒர்த்தன் தோத்தா நாம எந்திரிச்சி நிக்கணும் கண்ணு" என்றார்.

பிறகு காலம் ஓடியது. கண்ணாடிக் கோர்ட் வந்தது, சென்னையில் ஸ்குவாஷ் அகாடமி வந்தது, 2014இல் கிளாஸ்கோவில் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் இரட்டையர் தங்கம் வாங்கினார்கள். கொடகு வேர் கொண்ட ஜோஷ்னாவை "நம்ம கூர்க் பொண்ணு" என்று மாமா உரிமை கொண்டாடினார்.

2023 செப்டம்பர் 30, ஹாங்சோ ஆசிய விளையாட்டு. ஆண்கள் அணி இறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளுக்கொரு ஆட்டம் வென்றிருக்க, மூன்றாவது ஆட்டத்தில் சென்னைப் பையன் அபய் சிங் ஐந்தாவது கேமை 12-10 என்று எடுத்துத் தங்கத்தைக் கொண்டுவந்தார். தோற்றவர் நூர் ஜமான். வீடியோவை மாமாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார், பார்வை மங்கல். கடைசிப் புள்ளிக்கு நான் நேராகப் போனதும் கையால் தடுத்தார். முதலிலிருந்து போடச் சொன்னார். நூர் ஜமான் யார் தெரியுமா, கமர் ஜமானின் பேரன் என்றேன். ஃபோனைப் பிடுங்கி முகத்தருகே வைத்துக்கொண்டார். அபய் ஜெயித்ததும் மகிழ்ந்துதான் போனார். ஆனாலும் அந்தப் பேரன் ராக்கெட்டைத் தூக்கும்போதெல்லாம் அவர் மணிக்கட்டும் சேர்ந்து திரும்பியது. சத்தத்தைக் கூட்டச் சொன்னார், யாருக்குக் கால் கனக்கிறது என்று ஷூவை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் சாப்பிடக் கூப்பிட்டபோது, நாலாவது கேம் முடியட்டும் என்றார்.