கார்புரேட்டர் மேல் விழுந்த பழி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் சாலையில் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி அந்தப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண் தரை. தென்னந்தோப்பில் புல் வெட்டும் டூ ஸ்ட்ரோக் மெஷின்கள் சுவரோரம் சாய்ந்து நின்றன. எல்லாம் மழைக்குப் பிறகு வந்து சேர்ந்தவை.

ஒரு விவசாயி தன் மெஷினை இறக்கி வைத்தார். "ஸ்டார்ட் ஆகுதுங்க. ஆக்சிலேட்டர் குடுத்தா அடங்கிப் போகுதுங்க. கார்புரேட்டர் போச்சுன்னு டவுன்ல சொல்லிட்டாங்க." 850 ரூபாய்க்கு வாங்கிய புதுசு, பிரிக்காத பெட்டியோடு பையில் இருந்தது.

மெக்கானிக் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் பிளக்கைக் கழற்றினார். முனை கன்னங்கரேலென்று எண்ணெயில் நனைந்திருந்தது. துடைத்து, தொப்பியை மாட்டி, சிலிண்டர் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுத்தார். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. (பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளித்தான் வைக்க வேண்டும், உள்ளிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும்.) வளைத்த கம்பியால் டேங்குக்குள்ளிருந்து பில்டரைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் சுத்தம்.

அடுத்து சைலன்சர். இரண்டே போல்ட். கழற்றியதும் நானும் குனிந்து பார்த்தேன். புகை வெளியேறும் ஓட்டையில் பாதிக்கு மேல் கரி. சைலன்சர் வலையும் அடைத்திருந்தது. இந்த எஞ்சினில் வால்வு கிடையாது. பழைய புகை வெளியேறினால்தான் புதுக் கலவை உள்ளே வரும். மெதுவாக ஓடும்போது இருக்கிற சந்து போதும், வேகம் கூட்டினால் மூச்சு முட்டுகிறது.

கரி உள்ளே விழாதபடி பிஸ்டனை நகர்த்தி ஓட்டையை மூடிவிட்டு, மூங்கில் குச்சியால் சுரண்டினார். இரும்பு பட்டால் பிஸ்டனில் கீறல் விழுமாம். வலையை அடுப்பில் காட்டி எரித்துத் தட்டினார்.

"பெட்ரோல்ல ஆயில் எவ்வளவுங்கண்ணா ஊத்துவீங்க?" என்று விவசாயியிடம் கேட்டேன்.

"லிட்டருக்கு 40 மில்லிதானுங்க."

அவர் பையில் அளவு மூடி எதுவும் இல்லை. இருந்தது பைக்குக்கு ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் டப்பா. டூ ஸ்ட்ரோக் ஆயில் எரிவதுபோல அது சுத்தமாக எரியாது, கரியாகத் தங்கும்.

மாட்டி இழுத்ததும் மெஷின் வீறிட்டது. கூலி 150 ரூபாய். கார்புரேட்டர் பெட்டி பிரிக்காமலே திரும்பிப் போனது.

உங்கள் மெஷினும் இப்படி முக்கினால், புது உதிரிபாகம் வாங்கும் முன் சூடு ஆறவிட்டு அந்த இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.