குதிரை ரத்தத்துல வந்த மருந்து

2019-ல அத்தி வரதரைப் பார்க்க ஊர் உலகமே காஞ்சிபுரத்துக்கு வந்துச்சு இல்லையா, அதுக்கு அடுத்து வந்த தை மாசம். சம்பா அறுப்பு. மிஷின் வந்து அறுத்துட்டுப் போயிடுச்சு. ஆனா மிஷின் திரும்ப முடியாத மூலையை எல்லாம் கையாலதான் அறுக்கணும். என் தம்பி காஞ்சிபுரத்துல பட்டுத்தறி நெய்யறவன். பொங்கலுக்குத் தறியை நிறுத்திட்டு வந்திருந்தான். "நீ உக்காருண்ணா, நான் அறுக்கறேன்"னு அரிவாளை வாங்கிக்கிட்டு இறங்கினான்.

சாயங்காலம் அஞ்சரை இருக்கும். குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல் கேட்டுச்சு. அடுத்த நொடி "அண்ணா"ன்னு அலறல். இடது கணுக்கால்ல ரெண்டு புள்ளி. கண்ணாடி விரியன்.

நான் உடனே துண்டைக் கிழிச்சு முட்டிக்குக் கீழ இறுக்கிக் கட்டினேன். எங்க அப்பா காலத்துல இருந்து பார்த்த பழக்கம். அது தப்புன்னு அன்னிக்கு ராத்திரிதான் தெரிஞ்சுது. விரியன் விஷம் கடிச்ச இடத்துச் சதையையே அழிக்கும். கட்டுப் போட்டா அந்தக் காலுக்கு ரத்த ஓட்டமும் போயிடும், பாதிப்பு ரெண்டு மடங்கு. காலை ஆட்டாம, நடக்க விடாமத் தூக்கிட்டு வந்தாலே போதுமாம்.

பைக்ல நடுவுல உக்கார வெச்சு முதல்ல போனது ரோட்டு மேல இருக்கற ஒரு தனியார் கிளினிக். பேர் வேணாம். "அந்த மருந்து எங்ககிட்ட இல்ல"ன்னு சொல்றதுக்கே இருபது நிமிஷம் ஆக்கினாங்க. அப்புறம் 108-ஐக் கூப்பிட்டு, காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது கால் முட்டி வரைக்கும் வீங்கிடுச்சு, ஈறுல ரத்தம் கசியுது.

அங்க ஒரு டாக்டரம்மா. எங்க பொண்ணு வயசுதான் இருக்கும். சுத்தமான கண்ணாடிக் குழாய்ல 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் நிறுத்தி வெச்சாங்க. அப்புறம் சாய்ச்சுப் பார்த்தாங்க. இந்நேரம் கெட்டியா உறைஞ்சிருக்கணும். தண்ணி மாதிரி ஓடுச்சு. என்ன பாம்புன்னு நான் விவரிக்க ஆரம்பிச்சேன், அவங்க கேட்டுக்கிட்டே வேலையைப் பார்த்தாங்க. பாம்பைப் பிடிச்சுட்டு வரணும்னு அவசியமே இல்லையாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் நம்ம நாட்டுல ஒரே மருந்துதான்.

ரத்தம் ஏன் உறையலன்னு மறுநாள் அவங்ககிட்டயே கேட்டேன். சொன்னதை நான் எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு உடம்புல ஏரித் தண்ணி மாதிரி தேங்கி நிக்குது. எங்க காயமோ அங்க மட்டும் மதகைத் திறந்து விடும். இந்த விஷம் என்ன பண்ணுதுன்னா, ராத்திரியோட ராத்திரியா எல்லா மதகையும் திறந்து விட்டுடுது. ரத்தக் குழாய் முழுக்கத் தேவையில்லாம உறைஞ்சு, கரைஞ்சு, சரக்கு மொத்தமும் காலி. நிஜமா ரத்தம் கசியற இடத்துல அடைக்க ஒண்ணுமில்ல. சிறுநீரகமும் இதுல அடி வாங்கும்.

மருந்து பொடியா சின்ன பாட்டில்ல வருது. ஒவ்வொண்ணையும் 10 மில்லி தண்ணியில கரைக்கணும், பத்து பாட்டிலை ஒண்ணாக் கலந்து ஒரு மணி நேரத்துல டிரிப்ல ஏத்தறாங்க. ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியன் விஷம் 0.6 மில்லிகிராமைத்தான் மடக்கும். அப்போ ஒரு பாட்டிலுக்கு 6. ஒரு கடியில சராசரியா 60 மில்லிகிராமுக்கு மேல இறங்குமாம். கணக்கு சரியாப் போச்சா? பச்சைக் குழந்தையைக் கடிச்சாலும் இதே பத்து பாட்டில்தான். குழந்தைன்னு பாம்பு விஷத்தைக் குறைச்சா விடும்!

டிரிப் ஏற ஆரம்பிச்சு பத்து நிமிஷம். தம்பி உடம்பெல்லாம் சொறிய ஆரம்பிச்சான். உதடு வீங்குது, மூச்சு இழுக்குது. தம்பி பொண்டாட்டி என் கையைப் புடிச்சுக்கிட்டு "மாமா, மருந்தே கொன்னுடும் போலிருக்கே"ன்னு அழுதுச்சு. டிரிப்பை நிறுத்திட்டு தொடையில ஒரு ஊசி போட்டாங்க. அட்ரினலின், அரை மில்லிகிராம். கொஞ்ச நேரத்துல மூச்சு சீராச்சு.

அட்ரினலின் நம்ம உடம்புலயே சுரக்கறதுதான். மாடு முட்ட வரும்போது, நம்மளால தாண்டவே முடியாத வேலியைத் தாண்டுவோம் பாருங்க, அப்போ வேலை செய்யறது அது. அலர்ஜியில ரத்தக் குழாய் எல்லாம் தளர்ந்து பிரஷர் விழுந்துடும், மூச்சுக் குழாய் சுருங்கிடும். இந்த ஊசி குழாயை இறுக்கி, மூச்சு வழியைத் திறந்து, இதயத்தை வேகமா அடிக்க வைக்குது. கூடவே போட்ட மத்த ஊசிகள் மெதுவாத்தான் வேலை செய்யும், அந்த நிமிஷத்துக்கு உயிரைப் பிடிச்சு நிறுத்தறது இதுதான். அப்புறம் அதே டிரிப்பை மெதுவா மறுபடி ஆரம்பிச்சாங்க.

ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி குழாய் டெஸ்ட். உறையல. இன்னொரு பத்து பாட்டில். மருந்து விஷத்தைத்தான் பிடிக்கும், தீர்ந்துபோன சரக்கை ஈரல்தான் புதுசா செய்யணும், அதுக்கு அவ்வளவு நேரமாவது ஆகும். விடிகாலையில குழாயைச் சாய்ச்சப்போ ரத்தம் அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அவ்வளவு அழகா ஒரு பொருளை நான் பார்த்ததில்ல.

எனக்கு 14 வயசு இருக்கும்போது எங்க சித்தப்பாவை ராத்திரி பாயில கட்டு விரியன் கடிச்சுது. வலியே தெரியல. காலையில வயித்து வலின்னாரு. அப்புறம் கண் இமை சொருகுது. மந்திரிக்கத்தான் தூக்கிட்டுப் போனாங்க. மத்தியானம் மூச்சு நின்னுடுச்சு. கட்டு விரியன் விஷம் நரம்பு முனையையே அழிச்சுடுது. அழிஞ்ச பிறகு மருந்து கொடுத்தாலும் முனை திரும்ப வளர நாளாகும், அதுவரைக்கும் மிஷின்தான் மூச்சு விடணும். நல்ல பாம்பு விஷம் வேற மாதிரி, தசைப் பக்கம் பூட்டை அடைச்சுக்கிட்டு நிக்கும். அதுக்கு நியோஸ்டிக்மின்னு ஒரு ஊசி, கூட அட்ரோபின், கொடுத்தா சொருகின இமை கண்ணெதிர்லயே தூக்குமாம். சித்தப்பா விதி முடிஞ்சுதுன்னு அப்பா கடைசி வரைக்கும் சொன்னாரு. நானும் நம்பிக்கிட்டுதான் இருந்தேன்.

தம்பிக்கு நடக்க வந்ததும் ரெண்டு பேரும் மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலி போனோம். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978-ல ஆரம்பிச்சது. தோல் வியாபாரம் சட்டப்படி நின்னு போனதும் பிழைப்பு போன இருளர்களுக்காக ரோமுலஸ் விட்டேக்கர் முன்னால நின்னு அமைச்சது. மண்பானையில வெச்சிருக்கற பாம்பை எடுத்து, கண்ணாடிக் குவளை மேல கட்டின சவ்வைக் கடிக்க வெச்சு விஷம் எடுக்கறாங்க. வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம். அப்புறம் வயித்துச் செதில்ல அடையாளம் போட்டுக் காட்டுல விட்டுடறாங்க. அந்த விஷத்தைக் குதிரைக்குத் துளித்துளியா ஏத்தி, குதிரை உடம்பு உண்டாக்கற எதிர்ப்புச் சத்தைப் பிரிச்செடுத்ததுதான் நம்ம மருந்து. குதிரைச் சரக்குன்னாலதான் சில பேருக்கு உடம்பு ஏத்துக்காம அலறுது. இந்த இருளர்ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. எங்க வயல்ல எலி வளை தோண்டறவங்களும் அதே சனம்தான். எங்க ஊர்ல அவங்களைத் திண்ணையில உக்கார வெக்க யோசிக்கிற வீடு இன்னமும் இருக்கு.

தம்பிக்குக் கணுக்கால்ல சதை கொஞ்சம் அழுகி வெட்டி எடுத்தாங்க. மூணு மாசம் தறியில இறங்கல. பாதி நெய்த அரக்குக் கலர் கோர்வைச் சேலை அப்படியே துணி போட்டு மூடிக் கிடந்துச்சு. முன்பணம் கொடுத்தவர் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனார். மறுபடி தறிக்குழியில இறங்கின அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். இடது பாதத்துல மிதிகட்டை இருக்கறதே சரியா தெரியலண்ணான்னான். குனிஞ்சு பார்த்துப் பார்த்து மிதிச்சான். இப்போ பார்க்கறதில்ல, பழகிடுச்சு.